வேகக் கப்பல் வாங்கும் முன் கரை வேலையை முடியுங்கள்

நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சேவையைக் கவனிக்கும் இரு நாட்டு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காலையில் நாகையில் காரை ஏற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அதே காரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு நாட்டிலும் சாலையின் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம். கடல் தூரம் சுமார் 60 கடல் மைல்தான். 35 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 35 கடல் மைல் வேகத்தில், போகும் கப்பல் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிக் கப்பல் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அலகாய் என்ற கப்பலின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் மொபைல் நகரில் கட்டிய அலுமினியக் கேட்டமரான், அதாவது இரட்டை உடல் கொண்ட கப்பல் அது. 107 மீட்டர் நீளம். 866 பயணிகளும் 282 சிறு கார்களும் ஏறலாம். நான்கு பெரிய டீசல் எஞ்சின்கள், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர்ஜெட்கள். 2007 ஆகஸ்டில் ஹவாய் தீவுகளுக்கு இடையே ஓட வந்தது. காவாய் தீவின் துறைமுகத்தில் மக்கள் அலைச்சறுக்குப் பலகைகளோடு தண்ணீரில் இறங்கி வழியை மறித்தார்கள். துறைமுக வேலைகளுக்கு முன்பு செய்திருக்க வேண்டிய சுற்றுச்சூழல் ஆய்வைச் செய்யவில்லை என்பதுதான் வழக்கு. கப்பல் ஓடட்டும் என்று சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டது. 2009 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. கப்பல் நின்றது, நிறுவனம் திவாலானது. அதன் ஜோடிக் கப்பலான ஹுவாகாய் ஹவாயில் சேவைக்கே வரவில்லை. 2010-இல் ஹைட்டி நிலநடுக்க உதவிக்குத்தான் போனது. பிறகு இரண்டையும் அமெரிக்கக் கடற்படை வாங்கிக்கொண்டது.

எஞ்சின் நன்றாக இருந்தது, மாலுமிகளும் தேர்ந்தவர்கள். கரையில் ஒரு ஆய்வைத் தவிர்த்ததற்கு இத்தனை விலை.

அலகாயின் கதை அதோடு முடியவில்லை. 2016 முதல் அது அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் உள்ள யார்மத்துக்கும் இடையே ஓடியது. 2019-இல் அமெரிக்கப் பக்கத் துறையை பார் ஹார்பருக்கு மாற்றினார்கள். அங்கே முனையமும் எல்லைச் சோதனை ஏற்பாடும் நேரத்துக்குத் தயாராகவில்லை. அந்தப் பருவம் முழுவதும் பயணிகளோடு ஒரு நடைகூடப் போகவில்லை. நோவா ஸ்கோஷியா அரசு மட்டும் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கொரோனா வந்துவிட, 2022-இல்தான் மறுபடி ஓடியது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதே யார்மத்துக்கு மெயினின் போர்ட்லாந்திலிருந்து 1982 முதல் 2004 வரை ஓடிய ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல்தான் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு சேவைக்கு வந்தது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய கப்பல், இங்கே அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. 2023 அக்டோபர் 14-இல் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கிளம்பிய செரியபாணி என்ற கப்பலும் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தபோது, இதுவாவது நிலைக்க வேண்டுமே என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்தோம்.

எனக்குப் பெரிய கவலை மீனவர்களைப் பற்றியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பசிபிகேட் என்று மூன்று வேகக் கப்பல்களைக் கட்டினார்கள். அவை கிளப்பிய அலை கரையோரத்தைப் பாதித்தது, மிதக்கும் கட்டைகளும் குப்பையும் வாட்டர்ஜெட்டில் சிக்கின. சுமார் 45 கோடி கனடிய டாலர் செலவான மூன்றையும் 2003-இல் ஏறத்தாழ 2 கோடிக்கு விற்றார்கள். அதைவிடக் கொடுமை, 1999-இல் இங்கிலாந்தின் ஹார்விச் அருகே நடந்தது. ஸ்டெனா டிஸ்கவரி என்ற வேகக் கப்பல் கடந்துபோன பிறகு, ஆழம் குறைந்த மணல்திட்டில் எழுந்த அலை சிறு படகு ஒன்றின் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். பாக்கு நீரிணை முழுவதும் ஆழம் குறைந்த கடல். எங்கள் ஃபைபர் படகுகள் நிற்கும் கடல், வலை விரிந்து கிடக்கும் கடல். வலை அறுந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும். அதே வலை வாட்டர்ஜெட்டில் சுற்றினால் நடுக்கடலில் கப்பலும் நிற்கும். எந்த வழியில், எந்த இடத்தில் வேகம் குறைத்துப் போகும் என்பதை நாகை மீனவப் பஞ்சாயத்தாரோடும் இலங்கை வடக்கின் கடற்றொழிலாளர் சங்கங்களோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கப்பலுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு கூப்பிட்டால் அதற்குப் பெயர் கலந்தாலோசனை இல்லை.

அடுத்தது ஆட்கள். சர்வதேச அதிவேகக் கப்பல் விதிகளின்படி, எத்தனை ஆண்டு கடலில் இருந்த கேப்டனானாலும் அந்த வகைக் கப்பலுக்கும் அந்த வழித்தடத்துக்கும் தனியாகப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்க வேண்டும். அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பயிற்சியை இரு கரையின் பிள்ளைகளுக்கும் இப்போதே தொடங்கலாம். எந்த அலை உயரம் வரை கப்பல் போகலாம் என்பதற்கும் இந்த விதிகளில் வரம்பு உண்டு. அந்த எண்ணைப் பயணிகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். கடல் சரியில்லை என்று சேவையை ரத்து செய்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கிளம்பும் காலையில் துறைமுக வாசலில் வைத்துச் சொன்னால்தான் கோபம் வரும். வாடைக்காற்று மாதங்களில் ஓட முடியாது என்றால், அதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து, எஞ்சின் பராமரிப்பை அந்த மாதங்களில் வையுங்கள்.

சுங்கச் சோதனையையும் யோசியுங்கள். ஒரு காருக்கு ஐந்து நிமிடம் என்றாலும், ஒரே வரிசையில் அறுபது காருக்கு ஐந்து மணி நேரம். கடலில் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் கரையில் போய்விடும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 6.15 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வேலையோடு சேர்த்தே வாகன வரிசைகளுக்கும் சாய்தளத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். பிறகு இடித்துக் கட்டுவது இரட்டைச் செலவு.

இதெல்லாம் முடியும்வரை 20 நாட் போகும் சாதாரணக் கப்பல் போதும். சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு அது வந்தால், மூன்று மணி நேரம் உட்கார்ந்து போக நாங்கள் தயார்.

இப்படிக்கு,
நாகப்பட்டினத்திலிருந்து ஒரு பயணி