பிரண்டையும் புற்றுக்காளானும்

சிவமயம்
காரைக்குடி, சித்திரை 8

மெய்யம்மைக்கு ஆத்தா எழுதுவது.

பிரண்டைக் கொப்பு கேட்டிருந்தாய், மெல்போர்ன் பூங்காவில் பார்த்த காளான் படமும் அனுப்பியிருந்தாய். "ரெண்டும் நம்ம கண்மாய்க் கரையில தானா வர்றதுதானே" என்கிறாய். பிரண்டையின் அரிப்பை அடுப்படியில் தீர்க்கலாம். காளான் அப்படியில்லை.

கொப்பை அங்கேயே யார் வீட்டுத் தொட்டியிலாவது வாங்கிக்கொள். இங்கிருந்து கொண்டுவந்தால் மெல்போர்ன் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் போடு. பச்சையாக ஊன்றினால் அழுகும். ஒரு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். பாதிக்குப் பாதி மணல் கல. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தண்டே நீரைத் தேக்கி வைத்திருக்கும், அதனால் காய்ச்சல் தாங்கும், சகதி தாங்காது. ஜூன் குளிருக்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிடு.

துவையலுக்கு நுனிப் பிஞ்சு மட்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுவைத் தள்ளிவிட்டு, நான்கு விளிம்பிலும் நாரை உரி. அரிப்பது அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசிகள். கைப்பிடிப் பிரண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நெல்லிக்காயளவு புளி. பச்சை நிறம் போய்ச் சுருளும்வரை வதக்கு. சாப்பிட்டபின் தொண்டை நமநமத்தால் வதக்கல் பற்றவில்லை, அல்லது தண்டு முற்றல்.

நம் புற்றுக்காளானைப் பயிர் செய்வதே கரையான்தான். புற்றுக்குள் கிளம்பி, மழைக்குப் பின் மண்ணைத் துளைத்து வரும். அதற்காகத்தான் குடை நடுவில் கூர்முனை, அடியில் புற்றுவரை வேர்போல் இறங்கும் நீளத் தண்டு. காளான் பயிரிடும் அந்தக் கரையான் ஆஸ்திரேலியாவில் கிடையாது. படத்தில் இருப்பது எதுவானாலும் நம் காளான் இல்லை.

ஓக் மரத்தடி என்று வேறு எழுதியிருக்கிறாய். அமானிட்டா ஃபல்லாய்டஸ் என்ற, ஆளைக் கொல்லும் நச்சுக்காளான் வருகிற இடம் அது. வெளிர்பச்சைக் குடை, அடியில் வெள்ளை மடிப்பு, தண்டில் வளையம், தூரில் உடைந்த முட்டை ஓடு போல் ஓர் உறை. மேலாகக் கிள்ளினால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் போச்சு. பூண்டு கறுக்கிறதா, வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா என்ற சோதனையெல்லாம் சும்மா. எவ்வளவு கொதித்தாலும் நஞ்சு முறியாது. தின்ற பிறகு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது நின்று தெளிந்த மாதிரி இருக்கும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். யாராவது தின்றிருந்தால் வாந்திக்குக் காத்திராமல், மிச்சக் காளானோடு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

காளான் ஆசைக்குக் கடையில் மொட்டுக்காளான் வாங்கு. துவையலுக்கு உளுந்து ஒரு மேசைக்கரண்டி போதும், கூடினால் பிரண்டை மணமே தெரியாது.

ஆத்தா