படத்துக்குக் கீழே அந்த மூன்று எண்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளுக்காக வாசகர்கள் அனுப்பிய படங்களை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். நல்ல படங்கள். மழையில் சைக்கிள் மிதிக்கும் பையனையும், தறியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயரும் ஊரும் இருந்தன. கூடவே இன்னும் ஒரே ஒரு வரி, அபர்ச்சர் (லென்ஸ் துளையின் திறப்பு) எவ்வளவு, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) எவ்வளவு, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவு) எவ்வளவு, எந்த நேரத்து வெளிச்சம் என்று இருந்திருந்தால், கேமராவை மேனுவலில் வைத்து, அதாவது இந்த எண்களை நாமே திருப்பிவைத்து, பழகிக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு அந்தப் பக்கமே பாடமாக இருந்திருக்கும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

திண்டுக்கல் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை, கேமராவோடு சேர்ந்தே வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. அப்புறம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. குலசாமி கோயில், உச்சி வெயில். மாமன் மடியில் பிள்ளை, பின்னால் வெளுத்த வானம். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் அழகாக விழுந்திருக்கிறது, முகங்கள் எல்லாம் கரி. அதே நாளில் அம்மாவைத் தனியாக, கோயில் மடப்பள்ளியின் இருட்டு வாசலில் நிற்கவைத்து எடுத்தேன். அதில் அம்மா சாம்பல் பூத்த மாதிரி வெளிறிப்போய் நிற்கிறார். என் அம்மா நல்ல கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு மினுமினுப்பு உண்டு, அது படத்தில் இல்லவே இல்லை. அன்றைக்குத்தான் ஆட்டோவை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

2,000 ரூபாய் கட்டி ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன். பலகையில் ஒரு முக்கோணம் போட்டு மூன்று மூலையிலும் அபர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்று எழுதினார்கள், ஆயிரம் ரூபாய்க்கு என்ன கேமரா, லட்ச ரூபாய்க்கு என்ன லென்ஸ் என்று மத்தியானம் முழுவதும் பேசினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டயலை எம்-இல் (மேனுவல்) வைத்தேன். அபர்ச்சரைத் திருப்பினாலும் ஷட்டரைத் திருப்பினாலும் படம் ஒரே வெளிச்சத்தில்தான் வந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால் ஐ.எஸ்.ஓ. ஆட்டோவில் கிடக்கிறது. நான் எதைக் குறைத்தாலும் அது பின்னாலிருந்து கூட்டி ஈடுகட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் நாள் சொல்ல வேண்டிய விஷயம் இது. எம்-இல் வைத்தவுடன் ஐ.எஸ்.ஓ.வையும் ஒரு எண்ணில் நிறுத்துங்கள், வெயிலில் 100, வீட்டுக்குள் 800. இதை எந்த மூலையில் எழுதியிருந்தாலும் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

எனக்குக் கண் திறந்தது எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவரால். ஃபிலிம் காலத்து ஆள், ஊட்டியில் தயாரான 'இந்து' என்ற ஃபிலிமில் கை பழகியவர். என் கேமராவை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல வெயிலைப் பாரு தம்பி, கேமராவை அப்புறம் பாக்கலாம்" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஃபிலிம் டப்பாவில் சூரியன், மேகம், நிழல் என்று சின்னச் சின்னப் படம் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் அச்சடித்திருப்பார்களாம், அதை வைத்துத்தான் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இல்லாமலே முழு ரோலையும் எடுப்பார்களாம். சுள்ளென்ற வெயிலுக்கு அபர்ச்சர் எஃப் 16, ஷட்டர் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குச் சமமாக, அதாவது 100-க்கு 1/100 நொடி. மேகம் மூடி நிழலே விழாவிட்டால் எஃப் 8. வெளியே, ஆனால் மர நிழலில் என்றால் எஃப் 5.6. அன்றைக்கு அவர் சொன்ன எண்களை அப்படியே வைத்து மூன்று படம் எடுத்தேன். மூன்றும் சரியாக வந்தன. மீட்டரை நான் பார்க்கவே இல்லை.

வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சொல்லும் அளவான ஒரு ஸ்டாப் என்றால் என்ன என்பதும் அப்போதுதான் மண்டையில் ஏறியது, அதுவும் கடையில் உட்கார்ந்திருக்கும்போது. அப்பா காலத்துப் பித்தளைப் படிகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்டாப்பும் அதேதான். ஷட்டர் 1/100-இலிருந்து 1/200-க்குப் போனால் வெளிச்சம் பாதி, ஐ.எஸ்.ஓ. 100-இலிருந்து 200 ஆனால் படம் இரண்டு மடங்கு பிரகாசம். அபர்ச்சர் எண்கள்தான் 4, 5.6, 8, 11, 16 என்று ஒரு மாதிரியாகப் போகின்றன. லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸ் மேல் மி.மீ.-இல் எழுதியிருப்பது) அபர்ச்சர் எண்ணால் வகுத்தால் துளையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ., எஃப் 4 என்றால் பன்னிரண்டரை. எண் ஏற ஏறத் துளை சின்னதாவது இதனால்தான். அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி ஆகிவிடும், அதனால் 2-இலிருந்து 4-க்கு இரண்டு ஸ்டாப், நடுவில் 2.8 நிற்கிறது. இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் அப்புறம் கொடுக்கல் வாங்கல்தான். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவதை எடுக்க 1/100 போதாது. 1/400-க்குப் போனால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும், அதை அபர்ச்சரில் 16-இலிருந்து 8-க்கு வந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கிட் லென்ஸ்காரர்களுக்கு ஒன்று. 18 மி.மீ.-இல் எஃப் 3.5 வைத்துவிட்டு 55-க்கு ஜூம் செய்தால் அது தானாக 5.6-க்குப் போய்விடும், படம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருட்டும். நான் கேமரா ரிப்பேர் என்றே நினைத்தேன். மண்டபத்துப் பழைய டியூப்லைட்டில் படம் எடுத்தால் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா, நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. ஷட்டரை 1/100-இலோ 1/50-இலோ வையுங்கள், போய்விடும்.

இப்போது அம்மா படத்துக்கு வருகிறேன். கேமராவின் மீட்டருக்கு ஆள் யார், வானம் எது என்று தெரியாது. கட்டத்துக்குள் எது இருந்தாலும் அதை நடுத்தரமான ஒரு சாம்பல் நிறத்துக்கு, விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பலுக்கு, இழுத்துக்கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் மொத்தத்தையும் குறைக்கும், முகம் கரியாகும். பின்னால் இருட்டு வாசல், முன்னால் கறுத்த முகம் என்றால் மொத்தத்தையும் கூட்டும், முகம் வெளிறும். காதுகுத்தில் நான் கண்ட இரண்டு தவறும் ஒரே தவறுதான். சுண்ணாம்பு அடித்த சுவர், வெள்ளை வேட்டிக் கூட்டம் என்றால் மீட்டர் சொல்வதற்கு மேல் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். கறுப்பு கறுப்பாக வர வேண்டுமானால் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று அந்த இடத்தில் நிற்பவர்தான் முடிவு செய்ய முடியும். எனக்கு மேனுவல் பிடித்துப்போனதே இதனால்தான். நம் ஊரில் கல்யாண ஆல்பம் முழுக்க முகங்களை வெளுக்கவைத்துக் கொடுக்கிறார்கள், கேமராவும் தன் பங்குக்கு அதையே செய்கிறது. அம்மாவின் நிறத்தை அம்மாவின் நிறமாகவே எடுக்க வேண்டும் என்றால் அந்த ஒரு ஸ்டாப்பை நான்தான் திருப்ப வேண்டும்.

இதெல்லாம் தமிழில் எளிதாக எழுதி ஓர் இடத்தில் கிடைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதைக்கூட நான் கேட்கவில்லை. நீங்கள் வாரா வாரம் போடும் படங்களுக்குக் கீழே எண்களைப் போடுங்கள். டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அவை தாமாகவே பதிவாகியிருக்கின்றன, செல்போன் படங்களிலும் இருக்கும், அனுப்புகிறவர் பார்த்து எழுத ஒரு நிமிடம் ஆகாது. தறிக்காரர் படத்தைப் பார்க்கும்போது ஜன்னல் வெளிச்சம் மட்டும்தானா, 1/30-இல் கையில் பிடித்து எடுத்தாரா, ஐ.எஸ்.ஓ. ஏற்றினாரா என்று நானாக ஊகித்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற நாடா மட்டும் கலைந்து, பெரியவர் முகம் அசையாமல் இருந்தது. மெதுவான ஷட்டர் என்பது மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது. எண் தெரிந்திருந்தால் மறுநாளே போய் முயன்று பார்த்திருப்பேன்.

முடிந்தால் ஃபிளாஷ் போட்டார்களா, மீட்டர் சொன்னதிலிருந்து கூட்டினார்களா குறைத்தார்களா என்பதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இத்துடன் என் படம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை இடம் இருந்தால் போடுங்கள். அம்மா, எங்கள் வீட்டு அடுப்படி வாசல், காலை 9 மணி, இடது பக்கக் கதவு வழியாக வரும் வெளிச்சம். எஃப் 5.6, 1/100, ஐ.எஸ்.ஓ. 800, மீட்டர் சொன்னதற்கு ஒரு ஸ்டாப் குறைவு.

அன்புடன்,
ஒரு வாசகன்,
திண்டுக்கல் மாவட்டம்.