'தகவமைப்பு' என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டி, கலைச்சொற் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தாங்கள் தொகுத்த காலநிலைக் கலைச்சொல் பட்டியலை நம்பி மொழிபெயர்ப்பவர்களுள் நானும் ஒருத்தி. அதில் 'அடாப்டேஷன்' என்பதற்கு நேரே 'தகவமைப்பு' என்று மட்டும் இருப்பதையும், பொருளோ ஒலிப்போ சொற்பிறப்போ இல்லாததையும் முன்பே இருமுறை எழுதித் தெரிவித்திருக்கிறேன். இப்போது பொதுவில் எழுதவைத்தது, சென்ற மாதம் உழவர்களுக்காக நடந்த ஒரு கூட்டம்.

அங்கே நான் மொழிபெயர்த்த கையேடு வழங்கப்பட்டது. மெய்ப்புப் பார்த்தவர் 'தகவமைப்பு' என்பதை எழுத்துப் பிழையென்று கருதி, வந்த இடமெல்லாம் 'தகவல் அமைப்பு' என்று திருத்திவிட்டார். விதைப்புப் பருவத்தை மாற்றுவது, உப்பைத் தாங்கும் நெல்லைத் தேர்வது, வயலில் தேங்கும் நீரை வடிப்பது என எல்லாமே 'காலநிலைத் தகவல் அமைப்பு' என்ற தலைப்பின்கீழ் அச்சாகியிருந்தன. பெரியவர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தகவல் எங்க கைபேசிக்கு எப்பம்மா வரும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கையேடு சொன்னதைத்தான் அவர் கேட்டார். மெய்ப்புப் பார்த்தவரையும் நான் குறை கூற மாட்டேன்; தங்கள் பட்டியலைப் புரட்டியிருந்தால் அப்படியொரு சொல் இருப்பதைக் கண்டிருப்பாரே தவிர, அது எப்படிப் பிறந்தது என்பதை அறிந்திருக்க முடியாது.

அச்சொல்லில் லகரமே இல்லை. தகவு, அமைப்பு என்னும் இரண்டும் சேர்கையில், 'வரவறிந்தான்' என்பதில் வரவின் ஈற்று உகரம் கெடுவதுபோலவே, தகவின் உகரமும் கெட்டுத் 'தகவமைப்பு' ஆகிறது. அதன் ககரம் 'அகம்' என்பதில் உள்ளதுபோல் மெலிந்து ஒலிக்கும். 'தகவ' என்று நிறுத்தி 'மைப்பு' என்று தொடங்காமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தகவு 'தகு' என்னும் வேரில் பிறந்தது. 114ஆம் குறளில் 'தக்கார் தகவிலர்' என்று வரும்போது மனிதரின் நடுவுநிலைமையைக் குறித்த சொல், இங்கே சூழலுக்குத் தக்கதாக இருத்தலைக் குறிக்கிறது. 'அடாப்டேஷன்' என்பதன் உள்ளேயும் பொருந்தியது என்று பொருள்தரும் 'ஆப்டஸ்' என்ற இலத்தீன் சொல்தான் இருக்கிறது. ஆகவே சொல்லோடு எனக்கு வழக்கில்லை. அதை விளக்கமின்றி விட்டதோடுதான் வழக்கு.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கள்ளியின் முள்ளும் ஒட்டகத்தின் திமிலும் தகவமைப்பு என்றே பள்ளியில் படித்தோம். அவை பல தலைமுறைகளில் இயற்கையாக அமைந்தவை. காலநிலைத் தகவமைப்போ, நேர்ந்துவிட்ட மாற்றத்துக்கும் நேரவிருக்கும் மாற்றத்துக்கும் ஏற்ப மனிதர் தம் வாழ்வையும் தொழிலையும் திட்டமிட்டு மாற்றிக்கொள்வது. புவியைச் சூடாக்கும் வாயுக்கள் வெளியேறுவதைக் குறைக்கும் 'தணிப்பு' வேறு, இது வேறு. இவ்வேறுபாட்டை எழுதாமல் விட்டால், ஒட்டகத்துக்குத் திமில் வந்ததுபோல் நமக்கும் ஏதேனும் தானாக வந்துவிடும் என்று படிப்பவர் எண்ணக்கூடும்.

காலநிலை மாற்றம் குறித்து உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு, தகவமைப்புத் திறனை உயர்த்துவது, பாதிப்பிலிருந்து மீண்டெழும் ஆற்றலாகிய மீள்திறனை வலுப்படுத்துவது, பாதிப்புக்கு உள்ளாகும் நிலையைக் குறைப்பது என மூன்றைத் தனித்தனியே சொல்கிறது. தங்கள் பட்டியலில் முதல் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே சொல்லே கிடைக்கிறது. பட்டியல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ் மட்டும் நான்கு பக்கங்களில், வண்ணத்தில், வந்தவர் பெயர்களையும் வராதவர் பெயர்களையும் தாங்கி மிக விளக்கமாக அமைந்திருந்தது. தடம் மாறிவிட்டேன், பொறுத்தருள்க.

நான் கேட்பது முன்பு இருமுறை கேட்டதுதான்: 'தகவமைப்பு' என்ற பதிவில் அதன் பொருள், ஒலிப்பு, பிரித்து எழுதிய வடிவம் ஆகியவற்றைச் சேருங்கள். மூன்று வரிகள் போதும். திருத்திய கையேடு அடுத்த விதைப்புக்கு முன் அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால், அதற்குள் செய்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலை நாள்தோறும் புரட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளர்