இரவுப் பணியில் இருக்கும் அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு

வணக்கம் டாக்டர்.

பிறந்து இரண்டு நாள் ஆகியும் என் மகனுக்கு முதல் கருமலம் போகவில்லை. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று தெரிந்தது. 5,000 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு வருவது. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்கள் இல்லாததால் அந்த இடம் தளராமல் இறுகியே கிடக்கும், மலம் அதற்கு மேலே தேங்கிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். சரி, இத்தோடு தீர்ந்தது என்று நம்பினோம்.

சில மாதம் கழித்து ஒரு நள்ளிரவு, காய்ச்சலோடு பீச்சியடித்துப் பேதி, சகிக்க முடியாத நாற்றம். ஆபரேஷன் ஆன பிள்ளை என்று சொல்லியும், பணியில் இருந்தவர் சாதாரண வயிற்றுப்போக்குதான் என்று உப்புக்கரைசல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். விடிவதற்குள் பிள்ளை துவண்டு கண் திறக்கவே சிரமப்பட்டான். அது குடல் அழற்சி. ஆபரேஷனுக்குப் பிறகும் வரும், இந்த நோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதுதான்.

பேதி போகிறதே, அப்புறம் எப்படித் தேக்கம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். உள்ளே தேங்கியதில் கிருமி பெருகி, குடல் சுவர் புண்ணாகித்தான் அந்தப் பேதியே வருகிறது. தயவுசெய்து பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்காதீர்கள். வயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள், ரத்தக்குழாய் வழியாக நீரும் ஆன்டிபயாட்டிக்கும் தொடங்குங்கள், உப்புநீர் விட்டுக் குடலைக் கழுவுவது பற்றி உடனே குழந்தை அறுவை மருத்துவரை எழுப்பிக் கேளுங்கள். அவர் தூக்கம் கெட்டால் கெடட்டும்.

வார்டில் பழகிய இன்னொரு அம்மாவுக்காகவும் எழுதுகிறேன். அவர் மகளுக்குக் குடலில் அடைப்பே இல்லை, ஆனால் குடல் அசையாது. எக்ஸ்ரேயில் அசல் அடைப்பு மாதிரியே தெரியும். அதை நம்பி வயிற்றைத் திறந்தால் உள்ளே தழும்பு உண்டாகிக் குடல் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை நிஜமான அடைப்பே வரலாம். அவளுக்குச் சாப்பாடு ரத்தக்குழாயில் போட்ட லைன் வழியாகத்தான். அப்படி லைன் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், சளியாக இருக்கும் என்று காத்திருக்காமல் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே ஆன்டிபயாட்டிக் போடுங்கள்.

எங்கள் பையில் எப்போதும் ஒரு காகிதம் இருக்கும். நோயின் பெயர், நடந்த ஆபரேஷன், சிகிச்சை பார்க்கும் டாக்டரின் நம்பர் எல்லாம் அதில் உண்டு. நீட்டும்போது வாங்கிப் படியுங்கள்.