புடாபெஸ்ட் இரவைக் கேட்டுச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் புதிய இரட்டை ஆல்பத்தைப் பற்றி நீங்கள் அனுப்பிய கருத்துகள் எங்கள் சிறுபத்திரிகையின் மார்கழி இதழில் வந்துவிட்டன. வழக்கமாகக் கச்சேரி விமர்சனம் போடும் பக்கங்கள் அவை. கொரோனாவால் இந்த 2020 மார்கழியில் சபா அரங்குகள் பூட்டிக் கிடக்கின்றன, கச்சேரிகள் கைப்பேசித் திரைக்குள் போய்விட்டன. அந்தப் பக்கங்களை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது உங்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. முதல் நன்றி அதற்குத்தான்.

இதழ் கைக்கு வராதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்பதால் விவரம் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தின் பெயர் ‘புடாபெஸ்ட் கான்சர்ட்’. 2016 ஜூலை 3 அன்று ஹங்கேரியின் தலைநகரான அந்த ஊரின் பேலா பார்த்தோக் தேசிய இசையரங்கில் தனியாக வாசித்தது. ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனம் இந்த அக்டோபர் 30 அன்று வெளியிட்டது. எழுதி வைத்த இசை, ஒத்திகை பார்த்த இசை எதுவும் இல்லை. மேடையில் உட்கார்ந்து அங்கேயே பிறந்த பன்னிரண்டு பகுதிகள். முதல் தட்டில் நான்கு, இரண்டாவதில் எட்டு. கடைசியில் ரசிகர்களுக்காக இரண்டு பழைய பாட்டுகள்.

ஆல்பம் வர ஒன்பது நாள் இருக்கும்போது நியூயார்க் டைம்ஸில் ஒரு செய்தி வந்தது. 2018 பிப்ரவரியிலும் மே மாதத்திலும் ஜாரெட்டுக்கு இரண்டு முறை பக்கவாதம் வந்திருக்கிறது, இடது கை இனி பியானோவுக்கு உதவாது, திரும்ப மேடையேறுவார் என்று எதிர்பார்க்க முடியாது என்று. அதற்குப் பிறகு யார் எழுதினாலும் பேசினாலும் இந்த ஆல்பம் ஒரு விடைபெறல் ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைக்கு அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர் 71 வயதில் இரண்டு கையும் தேர்ந்த வேகத்தில் ஓடிய மனிதர். ஐரோப்பியப் பயணத்தின் தொடக்கத்தில் இருந்தார், அடுத்த ஊர்கள் காத்திருந்தன. அவர் யாரிடமும் விடை பெறவில்லை. அந்த இரவை அந்த இரவாகவே கேட்டுச் சொல்ல ஆட்கள் வேண்டும் என்றுதான் உங்கள் ஒவ்வொருவரையும் தொந்தரவு செய்தேன்.

வீணை டீச்சர் அம்மாவுக்கு நன்றி. முதல் பகுதி கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம். பாதியிலேயே நிறுத்திவிட்டதாக அவர் முதலில் அனுப்பிய குரல்பதிவை அப்படியே இதழில் சேர்த்தோம். பிடித்துக்கொள்ள ஒரு ஸ்வரம்கூடத் தரமாட்டேன் என்கிறாரே என்பது அவர் குறை. ஆலாபனையில் எவ்வளவு தூரம் போனாலும் ராகம் என்று ஒரு வீடு இருக்கிறது, இவர் வீடே இல்லாமல் கிளம்புகிறார் என்றார். ஒரு வாரம் கழித்து, யாரும் சொல்லாமலே திரும்ப உட்கார்ந்து முழுதும் கேட்டிருக்கிறார். இரண்டாவது பதிவில் அவர் சொன்னதை நான் பலரிடம் சொல்லிவிட்டேன்: ஒரு சின்ன வடிவம் இடது கையில் வருகிறது, வலது கை அதைத் தலைகீழாக்கிப் பார்க்கிறது, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கிறது, நாம் மேடையில் முடிவை மட்டும் காட்டுகிறோம், இவர் தேடுவதையும் சேர்த்துக் காட்டுகிறார். மனோதர்மம் பற்றி இவ்வளவு தெளிவாக நான் அண்மையில் எதையும் கேட்கவில்லை. இப்போதும் அவருக்கு அந்தப் பகுதி பிடிக்காது. அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

பியானோ ஸ்ருதி சேர்க்கும் தம்பிக்கு நான் பட்ட கடன் பெரியது. அவர் பேசி அனுப்பவில்லை, வாசித்து அனுப்பினார். தேவாலயப் பியானோ ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியை உள்ளே கம்பிகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, கீழ்க்கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். சுத்தியல் கம்பியைத் தொடும் சின்ன ‘டொக்’ சத்தம்கூட அதில் கேட்கிறது. சாதாரணமாக இடது கைக்குத் தாளம் பிடிக்கிற வேலை, ஸ்வரங்களை அடுக்கி வைக்கிற வேலை. இந்த முதல் பகுதியில் அது கூலிவேலை செய்வதில்லை, தானும் ஒரு பாட்டுக்காரனாக ஓடுகிறது என்று அவர் காட்டிய பிறகு, நான் இடது கையை மட்டும் பின்தொடர்ந்து முதல் தட்டு முழுவதையும் கேட்டேன். வேறொரு ஆல்பம் கேட்டது மாதிரி இருந்தது.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சார், உங்கள் கோபத்துக்கும் நன்றி. ஜாரெட்டின் ‘கோல்ன் கான்சர்ட்’ இசைத்தட்டை எண்பதுகளிலிருந்து தேயத் தேயக் கேட்டவர் நீங்கள். 1975 ஜனவரி 24 இரவு, ஜெர்மனியின் கோல்ன் நகர ஆபரா அரங்கில் கேட்ட பியானோ கிடைக்காமல், சின்னதாக, ஸ்ருதி சரியில்லாத ஒன்று கிடைத்து, அதையே வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் 26 நிமிடம் வாசித்த மனிதர் இப்போது மூன்று நான்கு நிமிடத்தில் எழுந்துவிடுகிறாரே என்பது உங்கள் வருத்தம். பழைய ரசிகர்களில் பலருக்கும் இதே வருத்தம்தான். நான் மறுபக்கம் நிற்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஜாரெட் நாள்பட்ட சோர்வு நோயில் விழுந்து, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து மீண்டவர். 2002 ஜப்பான் கச்சேரிகளிலிருந்து, ஒரு யோசனை முடிந்தால் கையை எடுத்துவிடலாம் என்று தனக்கே அனுமதி கொடுத்துக்கொண்டார். அதனால்தான் புடாபெஸ்டில் ஒரு பகுதி முட்டி மோதுகிறது, அடுத்தது தாலாட்டுகிறது, பன்னிரண்டாவது, கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகையான ப்ளூஸில் போய் நிற்கிறது. நீண்ட ஓட்டத்தில் இந்தத் திருப்பங்களுக்கு இடமிருந்திருக்காது. நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் வாதத்தை ஒரு வரிகூட வெட்டாமல் போட்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவிக்குத் தனியாக ஒரு வார்த்தை. உன்னிடம் மட்டும் பக்கவாதச் செய்தியைச் சொல்லாமல் ஆல்பத்தைக் கொடுத்தோம். நீயும் தேடிப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்றினாய். நீ எழுதியதில் ‘கடைசி’ என்ற சொல்லே இல்லை. ஆள் யாரோ சண்டைக்கு வந்தவர்போல ஆரம்பிக்கிறார், ஏழாவது பகுதிக்கு வரும்போது சண்டை எதற்கென்றே மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். இரண்டு தட்டுகளின் அமைப்பை இதைவிட நன்றாகச் சொன்ன விமர்சனத்தை நான் படிக்கவில்லை. உன் பக்கத்தைத்தான் முதலில் வைத்தோம்.

பக்கவாத நோயாளிகளோடு தினமும் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் அக்காவால் மட்டும் செய்தியை ஒதுக்கி வைக்க முடியவில்லை, அது நியாயமும்கூட. மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் உடம்பின் இடப்பக்கம் ஓய்ந்துபோகும், ஒரு கோப்பையைப் பிடிக்கிற அளவுக்கு விரல்கள் திரும்பவே மாதக்கணக்கில் ஆகும் என்பதையெல்லாம் பயமுறுத்தாமல் விளக்கினார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பழகிய கைக்கு அது என்ன இழப்பு என்பதை அவர் சொன்ன பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். ஆனாலும் அவரே முடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது: நோயாளியைப் பார்க்கும்போது நோய்க்கு முன்னால் அவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தன் வழக்கம், இந்த ஆல்பம் அந்தக் கேள்விக்குப் பதில் என்றார்.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்த்தோக் பற்றிக் குறிப்பு எழுதித் தந்த இசை ஆசிரியருக்கும் நன்றி. கிராமம் கிராமமாக ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் விவசாயிகளின் பாட்டைப் பதிவு செய்தவர் பார்த்தோக். ஜாரெட் அவருடைய மூன்றாம் பியானோ கான்செர்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) 1985இல் டோக்கியோவில் வாசித்திருக்கிறார், அந்தப் பதிவு 2015இல்தான் வெளிவந்தது. தாய்வழியில் ஹங்கேரியோடு வேரிருப்பதாகக் கருதும் ஒருவர், அந்தப் பெயர் தாங்கிய அரங்கிலேயே உட்கார்ந்து வாசித்தால் அந்த நிழல் கைகளில் விழாமல் இருக்குமா? முதல் தட்டின் கரடுமுரடு எங்கிருந்து வருகிறது என்று குழம்பியவர்களுக்கெல்லாம் அந்தக் குறிப்பு வழி காட்டியது.

முனகல் பற்றிப் புகார் சொன்னவர்களையும் விட்டுவிடவில்லை. வாசிக்கும்போது கூடவே குரல் கொடுப்பது ஜாரெட்டின் பழைய பழக்கம், சிலருக்கு அது தாங்காது. சரி, அதுவும் ஒரு கருத்து, போட்டாயிற்று.

அப்புறம் கைதட்டல். ‘ஆன்சர் மீ, மை லவ்’ என்ற பாட்டோடு ஆல்பம் முடிகிறது. ஜாரெட்டின் 75ஆவது பிறந்த நாளான இந்த மே 8 அன்றே அதை மட்டும் தனியாக வெளியிட்டிருந்தார்கள். மார்ச்சிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போகாத ஒரு பாட்டி, பாட்டைவிட அந்தக் கூட்டத்தின் கைதட்டலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். அத்தனை பேர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்றார். அதைப் பதிவு செய்து அனுப்பிய பேரனுக்கும் நன்றி.

குரல்பதிவுகளை எல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்த மருமகளுக்கு இந்த வீட்டில் தினமும் நன்றி சொல்கிறேன், ஊரறியவும் சொல்லிவிடுகிறேன். பின்னணியில் குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், நாய் குரைப்பு எல்லாவற்றையும் தாண்டி ஒவ்வொரு சொல்லையும் சரியாகப் பிடித்தாள். ‘ப்ளூஸ்’ என்பதை யாரோ ‘ப்ளவுஸ்’ மாதிரி உச்சரித்த இடத்திலும் தடுமாறவில்லை.

இதழ் ஜனவரி முதல் வாரத்தில் தபாலில் வந்து சேரும். வராதவர்கள் சொல்லுங்கள், இன்னொரு பிரதி அனுப்புகிறேன். தன் சொந்தத் தட்டுகளை இரவல் தந்த நண்பரிடம் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதே 2016 ஜூலையில் மியூனிக்கில் வாசித்த இரட்டை ஆல்பமும் அவரிடம் இருக்கிறதாம். ‘ஆன்சர் மீ’ அதிலும் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டு எது மேல் என்று சண்டை போட விருப்பமுள்ளவர்கள் பொங்கலுக்குள் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
தொகுப்பாசிரியர்