மதுரையை அந்தப் பட்டியலில் சேருங்கள், ஐயா

விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான தில்லிப் பெரியவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மேலப்பாளையத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களைத் திருவனந்தபுரத்தில் இறக்கிவிடுவதும், வருகிறவர்களை ஏற்றி வருவதும்தான் இருபது வருஷமாகப் பிழைப்பு. நான் கேட்பது நடந்தால் என் சவாரியில் பாதி போய்விடும். பிழைப்பில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று வீட்டில் திட்டு. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொரு நாட்டுக் கம்பெனியின் விமானம் நம் நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைக்கிற 'பாயின்ட் ஆஃப் கால்' பட்டியலில், அமீரகத்துக் கம்பெனிகளுக்கு மதுரை இல்லை. அந்தக் கதையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மனு மனுவாக வந்து உங்கள் மேசையில்தான் கிடக்கும்.

போன மாதம் ஒரு சவாரி. பேட்டைப் பையன், அபுதாபியில் ஏசி மெக்கானிக். வாப்பா மௌத்தான செய்தி அவனுக்கு வியாழக்கிழமை காலையில் போயிருக்கிறது. பள்ளிக்கூட லீவு நேரம். அன்றைக்கே கிளம்ப இடம் இருந்ததாம், ஆனால் விலை அவனுடைய இரண்டு மாதச் சம்பளம். கூட இருப்பவர்களிடம் கடன் கேட்டு, அதுவும் போதாமல், வேறொரு ஊரில் பத்து மணி நேரம் உட்கார வைத்து அனுப்புகிற டிக்கெட்டை எடுத்துச் சனிக்கிழமை விடியற்காலை வந்து இறங்கினான். கையில் ஒரு துணிப்பை மட்டும். வழக்கமாக வருகிறவர்கள் நைலான் கயிறு கட்டி, ஸ்கெட்ச் பேனாவில் பேர் எழுதிய அட்டைப்பெட்டியோடு வருவார்கள். வண்டியில் ஏறியதும், "அண்ணே, எத்தனை மணிக்கு அடக்கினாங்க?" என்று மட்டும் கேட்டான். வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு என்றேன். நெய்யாற்றின்கரை நெரிசல், மார்த்தாண்டம் நெரிசல் எல்லாம் தாண்டி நாங்குநேரி வரும்வரை அவன் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கபர்ஸ்தானில் இறக்கிவிடச் சொன்னான்.

அந்த டிக்கெட் ஏன் அந்த விலை விற்கிறது என்று கேட்டால் நியாயமான போட்டி என்கிறீர்கள். வளைகுடாக் கம்பெனிகளுக்கு அந்த நாட்டு அரசாங்கங்கள் பணம் கொட்டுகின்றன, கதவைத் திறந்துவிட்டால் நம் கம்பெனிகள் தாங்காது என்கிறீர்கள். இருக்கலாம். 2015-ல் மூன்று அமெரிக்கக் கம்பெனிகள் எமிரேட்ஸ், எத்திஹாட், கத்தார் மூன்றுக்கும் பத்து வருஷத்தில் 4,200 கோடி டாலர் போயிருக்கிறது என்று கணக்குக் கொடுத்தன. இல்லவே இல்லை என்றார்கள் இவர்கள். சரி, மானியம் வாங்காத உத்தமர் யார் என்று பார்த்தால், 2020-ல் லுஃப்தான்சாவுக்கு ஜெர்மனி அரசு 900 கோடி யூரோ கைகொடுத்தது. நம் ஏர் இந்தியாவுக்கு 2012-ல் 30,000 கோடி ரூபாய்க்கு மேல் தருவதாக நீங்களே திட்டம் போட்டீர்கள். என் தீப்பெட்டி வரியும் டீசல் வரியும் அதில் இருக்கிறது. 2022-ல் டாடாவிடம் கொடுத்தாயிற்று. அடுத்தவன் அரசாங்கம் செலவு பண்ணி எங்கள் பையனை மலிவாக ஊருக்குக் கொண்டுவந்து விட்டால், அதில் எங்களுக்கு என்ன நஷ்டம் என்பதையும் ஒருநாள் விளக்குங்கள்.

உங்கள் இன்னொரு வாதம், துபாய்க்காரர்கள் நம் ஆட்களைத் துபாயில் விமானம் மாற்றி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள் என்பது. அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலப்பாளையத்துக்காரரும் கடையநல்லூர்க்காரரும் லண்டனுக்கா போகிறார்கள்? துபாயிலேயே இறங்கி, மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்கள். அவர்களையும் சேர்த்து ஏன் கட்டிப்போடுகிறீர்கள்? துபாய்க்கு வாரத்துக்கு ஒவ்வொரு நாட்டுக் கம்பெனிகளுக்கும் ஏறத்தாழ 66,000 இருக்கைதான் உச்சவரம்பு என்று 2014-ல் பேசி முடித்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் கிளம்பிப் போய்விட்டார்கள்!

கோவையில் ஏர் அரேபியா இறங்குகிறது. நல்லது, கோவைக்காரர்கள் நன்றாக இருக்கட்டும். கொழும்பு விமானம் இறங்குகிற மதுரையில் துபாய்க்காரன் விமானம் இறங்கினால் மட்டும் ஓடுபாதை தேய்ந்துவிடுமா? நெல்லையிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலை, இரண்டரை மணி நேரம். அதனால்தான் கேட்கிறேன், மதுரையை அந்தப் பட்டியலில் சேருங்கள்.

தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025-ல் புது முனையம் திறந்தீர்கள். ஓடுபாதை 3,115 மீட்டர். போய்ப் பார்த்தேன், கண்ணாடியும் ஏசியுமாக அழகாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குப் போகலாம், பெங்களூருக்குப் போகலாம். இந்த ஊர்க்காரன் பிழைக்கப் போகிற ஊருக்கு மட்டும் போகமுடியாது. திருநெல்வேலிக்கே அல்வா கொடுக்கிறீர்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, மன்னிக்கவேண்டும். எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறக்கச் சொல்லவில்லை. அமீரகத்தோடு அடுத்த முறை பேச உட்காரும்போது மதுரையின் பேரை எழுதிக்கொள்ளுங்கள். துபாய், அபுதாபியில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் என்று வேண்டுமானால் நிபந்தனை போடுங்கள். நம் கம்பெனிகளும் கூடவே ஓட்டட்டும். அதுவும் முடியாது என்றால், ஏன் முடியாது என்று ஒரு கடிதம் போடுங்கள். தமிழில் போட்டால் உபகாரமாக இருக்கும். பேட்டைப் பையன் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்துதான் திரும்புகிறான். போகிற வழியில் அவனிடமும் படிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
மேலப்பாளையம் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவர்