இளங்கோவுக்கு, புது டிவி விஷயமாக

அன்புள்ள இளங்கோ,

நீ அனுப்பிய உடைந்த டிவியின் புகைப்படத்தைப் பார்த்தேன். வாரண்டியில் வராது. போனில் சொன்னால் "சரி அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். காரணம் நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேனலிலேயே, அதாவது படம் தெரியும் திரைப் பகுதியிலேயே, குறை என்றால் நெடுக்காகக் கோடு விழும், அல்லது ஒரு பக்கம் இருண்டுபோகும். மேற்பரப்பு வழவழவென்று அப்படியே இருக்கும். உன் படத்தில் ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடுகிறது. அப்படி ஒரு மையம் தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் பெட்டியைத் திறக்கக்கூட மாட்டார்கள். 'வெளியிலிருந்து பட்ட அடி' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்து நானே எத்தனையோ படிவங்களில் அப்படி எழுதியிருக்கிறேன்.

பேனலை மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான். அதையும் வாங்கி, கூலியும் கொடுத்தால் புதியதன் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பழைய மாடல்களுக்குப் பேனல் கிடைப்பதும் அரிது. நல்ல பெட்டி அது. நீங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. கடையில் தேன்மொழி ரிமோட்டைக் கையில் வாங்கி, ஒலியை நிறுத்திவிட்டு, திரையில் வரும் முகங்களின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்கு நீதான் பெருமையாகச் சொன்னாய். பார்க்கத் தெரிந்தவள் அவள். இந்தத் தடவையும் அவளை அழைத்துக்கொண்டு போ.

75 அங்குலம் வேண்டும் என்கிறாய். சுவரை அளந்தாயா? சுவரை அளந்து பயனில்லை, உட்காரும் இடத்திலிருந்து திரைக்கு உள்ள தூரத்தை அளக்க வேண்டும். புள்ளிகள் நெருக்கமாக உள்ள 4கே திரை என்றால் மூலைவிட்ட அளவைப் போல் 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்கு வரை தூரம் இருந்தால் போதும். 55 அங்குலம் என்பது சுமார் 140 செ.மீ., அதற்கு 1.7 மீட்டரிலிருந்து 2.2 மீட்டர். 75 அங்குலத்துக்கு 2.3 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதைவிட நெருங்கி உட்கார்ந்தால் பந்தயம் பார்க்கும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னும் கூடுதல் புள்ளிகள் உள்ள 8கே என்று யாராவது ஆசை காட்டினால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. 4கே திரையிலேயே 83 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன, சோபாவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அதுவே அதிகம். 8கேவில் எடுத்த படங்கள் எங்கே கிடைக்கின்றன? முப்பரிமாண டிவி வேண்டும் என்று நீ அடம்பிடித்தது நினைவிருக்கிறதா? 2017க்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் எதுவும் அதைச் செய்யவில்லை.

எல்.இ.டி. டிவி என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் எல்.சி.டி.தான், பின்னால் எரியும் விளக்கு மட்டும் எல்.இ.டி. க்யூ.எல்.இ.டி. என்றாலும் அதே கதை, நிறத்துக்காக ஒரு படலம் கூடுதல். அந்த விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று கேள். ஓரத்தில் மட்டும் வைத்திருந்தால் இருட்டுக் காட்சியில் மூலைகள் வெளுத்துத் தெரியும். பின்புறம் முழுவதும் பரப்பி, பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இருந்தால் கறுப்பு கறுப்பாக இருக்கும். ஓலெட் என்று இன்னொரு வகை உண்டு, அதில் பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும். இருட்டறையில் அதற்கு இணை கிடையாது. ஆனால் உனக்கு அது வேண்டாம் என்பேன். நீ நாள் முழுக்கச் செய்திச் சேனலை ஓடவிடுகிறவன். ஒரே இடத்தில் நிற்கும் சின்னமும் கீழே ஓடும் பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதிந்துவிடும், பெரும்பாலான வாரண்டிகளில் அதைச் சேர்க்க மாட்டார்கள். இன்னொன்று: அணைத்த பிறகு அது தனக்குத்தானே புள்ளிகளைச் சீர்செய்துகொள்ளும், அதற்கு மின்சாரம் வேண்டும். நீயோ ரிமோட்டை நம்பாமல் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பாய். அந்தப் பழக்கம் நான் கற்றுக்கொடுத்தது, மாற்றிக்கொள் என்று எப்படிச் சொல்வேன்?

எல்.சி.டி.யிலும் பேனல் இரண்டு வகை. வி.ஏ. என்பது நேர் எதிரே உட்கார்ந்தால் நல்ல கறுப்பைக் காட்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். எந்தப் பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும், கறுப்பு மட்டும் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். அதனால் யார் யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பாப்பா தரையில், நீ சோபாவில், தேன்மொழி பக்கத்து மேசையில் மடிக்கணினியுடன் என்றால் ஐ.பி.எஸ். வாங்கு. நீ மட்டும் நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வி.ஏ. வாங்கு. இரண்டில் எது என்று எழுது. உன் செய்தியில் "எனக்கு" என்றுதான் இருந்தது, "எங்களுக்கு" என்று இல்லை. அவசரத்தில் தட்டியிருப்பாய்.

கடையில் ஓடும் படத்தைப் பார்த்து மயங்காதே. அங்கே எல்லாத் திரைகளையும் விற்பனைக்கான காட்சி முறையில் வைத்திருப்பார்கள். வெளிச்சம் உச்சத்தில், வெள்ளையெல்லாம் நீலம் பாய்ந்து. சினிமா முறைக்கு மாற்றச் சொல். 2019க்குப் பிறகு வந்த சிலவற்றில் ஃபிலிம்மேக்கர் முறை என்றே ஒன்று இருக்கிறது, படம் எடுத்தவர் நினைத்தபடி காட்டுவதற்காக. ஒரு பென்டிரைவில் இருட்டுக் காட்சி ஒன்று, பகல் வெளிச்சத்தில் மனித முகம் ஒன்று, வேகமாக ஓடும் பந்து ஒன்று என்று நீயே கொண்டுபோய்ப் போட்டுப் பார். அசைவைச் செயற்கையாக மழுமழுப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டுப் பார். எச்.டி.ஆர். (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி) என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, வெளிச்சம் போதாத திரையில் அந்த எழுத்துக்குப் பொருளில்லை. இதெல்லாம் தேன்மொழிக்கு ஏற்கனவே தெரியும். அவளிடம் கேள்.

நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் முதல் வேலையாகப் பின்விளக்கைக் குறைத்து வை. பேனலுக்கு முன்பே போவது பெரும்பாலும் அந்த விளக்குப் பட்டைதான், அது சாவது சூட்டால். சத்தம் வருகிறது, படம் இல்லை என்று ஒருவர் வந்தால் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்ப்பார்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, விளக்கு மட்டும் போயிருக்கிறது. பழுது பார்க்கலாம். உன் டிவிக்கும் அது மாதிரி இருக்கக் கூடாதா என்றுதான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மையப்புள்ளி மேல்பாதியில் இருக்கிறது, இளங்கோ. உங்கள் டிவி சுவரில் இருக்கும் உயரம் எனக்குத் தெரியும். பாப்பா எறிந்து அந்த இடத்தில் அவ்வளவு வேகமாகப் படாது. அவள் எறிந்திருந்தால் நீ சிரித்துக்கொண்டே எழுதியிருப்பாய், அவள் திருதிருவென்று விழிக்கும் படத்தையும் சேர்த்து அனுப்பியிருப்பாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

பழுது படிவத்தில் 'எப்படி நடந்தது' என்று ஒரு கட்டம் உண்டு. வருகிறவர்களில் பலர் "தானாக விழுந்துவிட்டது" என்பார்கள். கணவன் பேசுவார், மனைவி பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சில சமயம் மனைவி பேசுவாள், கணவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விழுந்த திரையில் மூலைச் சட்டம் நசுங்கியிருக்கும், எறிபட்ட திரையில் சட்டம் சேதமில்லாமல் இருக்கும். எனக்கு எது எது என்று தெரியும், நான் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. நீ பள்ளி விட்டு வந்து அந்தக் கவுண்டருக்குப் பின்னால்தான் வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரு நாள் "அம்மா, இவர் பொய் சொல்கிறார்" என்று என் காதில் சொன்னாய். எவ்வளவு கூர்மையான பிள்ளை என்று எனக்கு உள்ளூரப் பெருமை. உன் அப்பாவின் கண் உனக்கு. அவருடைய மற்றது வராமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டதும் அப்போதுதான். அந்த ரேடியோவைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை.

வாரண்டி விஷயம். நிறுவனம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு வருடம், சில இடங்களில் சட்டப்படியே அதைவிடக் கூடுதல். பில் கொடுக்கும் நேரத்தில் நீட்டித்த வாரண்டியை எடுத்து வைப்பார்கள். உடனே சரி என்று சொல்லாதே. எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பார். வாங்கிய நாளிலிருந்தே கணக்கு என்றால் முதல் வருடத்துக்கு இரண்டு தடவை பணம் கொடுத்ததாக ஆகும். பேனல் உள்ளே வருகிறதா என்று பார், சிலவற்றில் மின்சுற்றுப் பலகைகளும் பாகங்களும் வரும், பேனல் வராது. பழுது பார்ப்பது தயாரித்த நிறுவனமா, வேறு ஆளா. வீட்டுக்கு வருவார்களா, நீ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா. பழுது பார்க்க முடியாவிட்டால் புதியது தருவார்களா, தேய்மானம் கழித்துப் பணம் தருவார்களா. ஓரிரு புள்ளி செத்திருந்தால் மாற்ற மாட்டார்கள், எத்தனை புள்ளி என்று நிபந்தனையில் போட்டிருக்கும். மின்னணுப் பொருளில் தயாரிப்புக் குறை இருந்தால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், அது முதல் வாரண்டியிலேயே அடங்கிவிடும். அதனால் நீட்டித்த வாரண்டிக்குக் கேட்கும் பணத்தைத் தனியாக எடுத்து வை என்றுதான் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்வேன். அந்தப் பணத்தில் மின்னழுத்த ஏற்றத்தைத் தாங்கும் நல்ல காப்புப் பலகை ஒன்று வாங்கு. பில்லை எழுத்து மங்குவதற்குள் படம் எடுத்து வை, வரிசை எண்ணையும் சேர்த்து.

விபத்துக் காப்பு என்று தனியாக ஒன்று உண்டு. தவறி விழுந்தால், குழந்தை இடித்தால் கொடுப்பார்கள். வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். உனக்கு அது எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய பெட்டியின் பில் தேன்மொழி பெயரில் இருந்ததாக ஞாபகம். புதியதையும் அவள் பெயரிலேயே போடு.

சுவரில் மாட்டும்போது தாங்கியைச் செங்கல் பிடிக்கும் இடத்தில் முடுக்கச் சொல். மேசையில் வைப்பதாக இருந்தால் பின்புறம் பட்டை கட்டு, பாப்பா பிடித்து இழுத்தால் சாயக் கூடாது. வண்டியில் கொண்டுவரும்போது படுக்க வைக்க விடாதே, நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளிக்காதே, மென்மையான உலர்ந்த துணி போதும். உள்ளே இருக்கும் செயலிகளுக்குச் சில வருடங்களில் புதுப்பிப்பு நின்றுபோகும், அதற்காகப் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. இணையத்திலிருந்து படம் காட்டும் ஸ்டிக் ஒன்றை வெளியே செருகினால் ஓடும்.

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது. உன் பதவி உயர்வை நான் சொல்லாதவர் பாக்கியில்லை. கோபம் வந்தால் அறையை விட்டு வெளியே போ, இளங்கோ, மாடிக்குப் போ, தெருவுக்குப் போ. சின்ன வயதில் சொன்னது, இப்போதும் சொல்கிறேன். பாப்பா பார்க்கிறாள். எந்த டிவி வாங்கினாலும் பாப்பா பார்ப்பாள். கோபம் உன்னுடையது இல்லை என்றாலும் நீ வெளியே போ.

சோபாவுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து எழுது. யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் எழுது. தேன்மொழி என் போனை எடுப்பதில்லை. வேலை அதிகம் என்று நீ சொன்னாய். அவள் அங்கேதானே இருக்கிறாள்?

அம்மா